முத்துக்கரையிலிருந்து சில பரிசுகள்

பரிசு வாங்குவதற்குத்தான் யோக்கியதை வேண்டும். கொடுப்பதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. சர்க்கார் கொடுக்கலாம். சங்கம் வைத்துக் கொடுக்கலாம். ஒன்றும் இல்லாதவன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொண்டும் கொடுக்கலாம். நான் மூன்றாவது ரகம். என் பரிசில் தங்கப் பதக்கம் கிடையாது, பணமுடிப்பு கிடையாது, மேடையும் மாலையும் கிடையாது. ஆகையால் சிபாரிசுக்கு வருகிறவர்களும் கிடையாது. அது ஒன்றுதான் என் பரிசுக்கு உள்ள பெருமை.

1961-ஆம் வருஷத்துத் தமிழ்ப் படங்களுக்கு நான் பரிசு கொடுக்கப் போகிறேன். அறுபது வருஷத்துக்கு மேல் தாமதமாகி விட்டதே என்று வாசகர்கள் கேட்கலாம். தாமதத்தினால் ஒரு சௌகரியம் உண்டு. ரசிகர்களின் கோபமும், பட முதலாளிகளின் விளம்பரமும் இதற்குள் அடங்கிப் போயிருக்கும். படம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஏன் 1961? இந்தக் கேள்விக்குப் பதில் திரேஸ்புரத்தில் இருக்கிறது. தூத்துக்குடியின் வடபக்கத்தில், கடலோடு ஒட்டிக் கிடக்கும் மீனவர் குடியிருப்பு அது. வள்ளங்களும் வலைகளும் சங்குக் குளிப்பவர்களும் நிறைந்த இடம். இந்தக் கரைக்கு 1961-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இந்தியக் கரையில் கடைசி முத்துச் சலாபம் அந்த வருஷந்தான் நடந்தது. அதற்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் பார்களில் முத்துக் குளிப்பு இல்லை. அதே வருஷம் தீபாவளிக்கு, தூத்துக்குடியின் கதையைச் சொல்லும் 'கப்பலோட்டிய தமிழன்' வெளியாயிற்று. ஒரு கதை கடலில் முடிந்தது. இன்னொரு கதை கொட்டகையில் ஆரம்பித்தது.

சலாபத்தின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்முடைய பரிசுகளுக்கு அது மிகவும் உபயோகப்படும்.

குளிப்பவர்கள் கல்லைக் காலில் கட்டிக் கொண்டு இறங்கி, மூச்சு உள்ளவரை சிப்பி பொறுக்கி வருவார்கள். பழைய வழக்கப்படி மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு அன்று மாலையே ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கேள்வி நடக்கும். சிப்பியைத் திறந்து பார்க்கக் கூடாது! உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். வாங்கியவன் அதைப் பல நாள் அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக் கொண்டு கழுவிப் பார்க்க வேண்டும். பிறகுதான் தரம் பிரிக்கும் வேலை. பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்சியும் ஒளியும் பார்ப்பார்கள். இரண்டிலும் குறையில்லாதது ஆணி. இரண்டு முத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது குறுவல். ஒன்றுக்கும் உதவாத பொடி, தூள்.

சங்குக் குளிப்பில் ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரிடம் திரேஸ்புரத்தில் பேசிக் கொண்டிருந்தேன். "ஏலத்துல எடுத்தவன் அதிர்ஷ்டம் ஒண்ணு, முத்தோட தரம் ஒண்ணு. ரெண்டையும் போட்டுக் கொளப்பப்படாது, அண்ணாச்சி" என்றார். சினிமா விமரிசனத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தீபாவளியன்று டிக்கட் வாங்குகிற ஜனங்கள் திறக்காத சிப்பியைத்தான் ஏலம் எடுக்கிறார்கள். 1961 நவம்பர் 7-ஆம் தேதி 'கப்பலோட்டிய தமிழ'னும், எம்.ஜி.ஆர். நடித்த 'தாய் சொல்லைத் தட்டாதே'யும் ஒரே நாளில் வந்தன. ஏலத்தில் ஜெயித்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் முன்னாலேயே வந்திருந்த 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்' இரண்டும் வெள்ளி விழாக் கொண்டாடின. 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்த பி. ஆர். பந்துலுவுக்கு நஷ்டம்.

டில்லி சர்க்கார் என்ன செய்தது? 1953-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்து அது பரிசு கொடுத்து வந்தது. 1961-இன் தங்கப் பதக்கம் 'பகினி நிவேதிதா' என்ற வங்காளிப் படத்துக்குப் போயிற்று. அகில இந்தியாவிலும் இரண்டாவது என்ற நற்சான்று 'பாவ மன்னிப்பு'க்குக் கிடைத்தது. தமிழில் சிறந்த படம் என்ற பரிசு 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு; அதற்கடுத்த நற்சான்றுகள் 'பாசமல'ருக்கும் 'குமுத'த்துக்கும். நல்ல தேர்வுதான். ஆனால் நடித்தவர்களுக்கு? ஒன்றும் இல்லை. நடிகர், நடிகைகளுக்கும் சங்கீத டைரக்டருக்கும் டில்லிப் பரிசு என்ற ஏற்பாடே 1967-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் தொடங்கிற்று. தரம் பிரிப்பவர் குவியலைப் பார்த்து நல்ல குவியல் என்று சொல்லிவிட்டு எழுந்து போனது போல! ஒவ்வொரு முத்தாகக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலை பாக்கி நின்றுவிட்டது. அதைத்தான் நான் செய்ய உத்தேசிக்கிறேன்.

முதலில் நடிகை. இங்கே எனக்குச் சிரமமே இல்லை. 'பாசமலர்' ராதாவாக வந்த சாவித்திரிக்கு ஆணிமுத்து. அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் நின்று, யாரையும் குற்றம் சொல்லாமல் கரைந்து போகிற பெண் அவள். அழுகைப் படம் என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாவித்திரி அழாத இடங்களை மறுபடி பார்க்க வேண்டும். அழப்போகிற முகத்தைச் சிரிப்பால் மறைக்கிற வித்தை அங்கேதான் இருக்கிறது.

வில்லனுக்குப் பரிசு 'பாவ மன்னிப்பு' ஆளவந்தாருக்கு, அதாவது எம். ஆர். ராதாவுக்கு. ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்களை ஒரே கதையில் சேர்த்துப் பிரசங்கம் செய்கிற படம் அது. ராதா இல்லாவிட்டால் பிரசங்கம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

சங்கீதத்துக்கு விசுவநாதன் - ராமமூர்த்தி என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். அந்த வருஷம் அவர்களுடைய வருஷம். ஆனாலும் நான் ஜி. ராமநாதனுக்குக் கொடுக்கிறேன். 'கப்பலோட்டிய தமிழ'னில் பாரதியின் பாட்டுக்களுக்கு மெட்டமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஜனங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கும் பாட்டுக்கு இசை அமைப்பது, கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற மாதிரி. அவர் போட்டார், வீடு அசையவில்லை. 1963-இல் காலமாகி விட்ட அவருக்கு டில்லிப் பரிசு என்பதே எட்டாத காலம்.

உப பாத்திரங்களுக்கு இரண்டு பரிசு. பாரதியாராக வந்த எஸ். வி. சுப்பையாவுக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவாக வந்த டி. கே. சண்முகத்துக்கு ஒன்று. இருவரும் நாடக மேடையில் பழகியவர்கள். ஆனால் மீசையும் தலைப்பாகையும் வைத்துக் கொண்டால் பாரதி வந்துவிடுவார் என்று சுப்பையா நினைக்கவில்லை.

ஹாஸ்யத்துக்கு ஜே. பி. சந்திரபாபு. அவர் 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். பெயரிலேயே இந்த ஊர்ப் பனிமய மாதாவைச் சுமந்தவர். ஜோசப் பனிமயதாஸ் என்பது அதன் விரிவு. அந்த வருஷம் 'குமார ராஜா'வில் நடித்துப் பாடினார். கரைப் பாசம் என்பீர்கள். இருக்கட்டும், திரேஸ்புரத்திலிருந்து கொடுக்கும் பரிசில் அவர் பெயர் விட்டுப் போனால்தான் தப்பு.

இனி முக்கியமான இரண்டு. படம் எது? நடிகர் யார்?

படத்துக்கு நான் ஆணி கொடுக்கவில்லை. 'கப்பலோட்டிய தமிழன்' குறுவல். இரண்டு முத்து ஒட்டிக் கொண்டு பிறந்தது. ஒரு முத்து, ம. பொ. சி. எழுதிய வரலாற்றிலிருந்து வந்த வ. உ. சி.யின் வாழ்க்கை. இன்னொரு முத்து, மாடசாமிக்கும் கண்ணம்மாவுக்கும் இடையே ஏற்படும் காதல். மாடசாமி நிஜ மனிதர். கலெக்டர் ஆஷ் 1911-இல் மணியாச்சியில் சுடப்பட்ட வழக்கில் தேடப்பட்டுக் கடைசிவரை அகப்படாதவர். அவருக்கு டூயட் எதற்கு? கொட்டகைக்குக் கூட்டம் வரவேண்டும் என்றுதான். கூட்டமும் வரவில்லை, முத்தின் உருட்சியும் போயிற்று.

ஏன் வரவில்லை? இதே பந்துலு, இதே சிவாஜி கணேசனை வைத்து 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தார். அதுவும் இந்தச் சீமைக் கதைதான். ஜனங்கள் திரண்டார்கள். 1960-இல் கெய்ரோ பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. கட்டபொம்மன் கையில் வாள் இருந்தது. வ. உ. சி.யின் கையில் இருந்தது பங்குப் பத்திரம்! 1906-இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்துக்கு, பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று திட்டம் போட்டு, சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வக்கீல் அவர். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தால் தாமும் குறைத்தார். 1908-இல் கோரல் மில் தொழிலாளிகளின் வேலை நிறுத்தத்தில் அவர்களோடு நின்று கூலி உயர்வு வாங்கித் தந்தார். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் வீரத்தை வெள்ளித் திரையில் காட்டுவது கஷ்டம். கைதட்டுவது அதைவிடக் கஷ்டம்.

ஆனால் நம் ஜனங்கள் அவரை மறந்தது அதுதான் முதல் தடவையா? 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் குறைந்து, சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். வாசலில் கூட்டம் இல்லை. குஷ்ட நோய் கண்ட சிவா ஒருவர்தான் காத்திருந்தார் என்பார்கள். கம்பெனி அதற்கு முன்பே கலைந்துவிட்டது. 1936-இல் இதே தூத்துக்குடியில் வறுமையில் கண் மூடினார். 1961-இல் காலியாகக் கிடந்த கொட்டகை, 1912-இல் காலியாகக் கிடந்த சிறை வாசலின் தொடர்ச்சிதான்.

அந்த வாசலில் நிற்கிற சிவாஜிக்கே என் ஆணிமுத்து. கர்ஜனை இல்லை, நீண்ட வசனம் இல்லை. எதிர்பார்த்ததும் கிடைக்காததும் ஒரே பார்வையில் தெரிகிறது. ஒரே வருஷத்தில் ரஹீமாகவும், 'பாசமல'ரின் அண்ணனாகவும், 'பாலும் பழமும்' டாக்டராகவும் நடித்தவர், இங்கே நடிப்பைச் சுருக்கிக் கொள்ளத் துணிந்தார். சிறந்த நடிகர் என்ற டில்லிப் பரிசு அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

ஆனால் எனக்கு முன்னாலேயே இன்னொருவர் அவருக்குப் பரிசு கொடுத்து விட்டார். வ. உ. சி.யின் மகன் சுப்பிரமணியம் படத்தைப் பார்த்துவிட்டு, தம் தகப்பனாரையே நேரில் கண்டது போலிருந்தது என்றாராம். தமக்குக் கிடைத்த பரிசுகளில் அதுவே பெரிது என்று சிவாஜி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கமிட்டி இல்லை, பதக்கம் இல்லை, ஒரே ஒரு நீதிபதி. அந்தச் சிப்பிக்குள் இருந்தது முத்துதானா என்று சொல்ல அவரைவிட அருகதை யாருக்கு உண்டு? என் பரிசு அதற்கு அடுத்த வரிசையில் இருந்தால் போதும்.