லேபிளும் கல்லும்

1922-ல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்குப் பின்னாலேயே லேபிள் அச்சுத் தொழிலும் வந்தது. எழுத்தறியாத கிழவிகூட லேபிளிலுள்ள படத்தைச் சொல்லித்தான் பெட்டி கேட்பாள். புற்றுநோய்க்கு மருந்து தேடிய ஒரு வரலாற்றைச் சொல்ல எனக்கு இந்த லேபிள்தான் உதவுகிறது.

அதன் முதல் அத்தியாயம் நம் தேசத்திலேயே நடந்தது. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் மடிவதாக ஆக்ராவிலிருந்த ஹான்கின் 1896-ல் எழுதினார். செம்பில் கங்கை ஜலம் வைத்திருக்கும் பாட்டிமார் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் காய்ச்சினால் அந்தச் சக்தி போய்விடும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்! காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1917-ல் பாரிஸில் தெரேல் என்பவர், பாக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிருக்கு 'பாக்டீரியோபாஜ்' என்று பெயர் சூட்டினார். ஹான்கின் கண்டது அதன் வேலைதான் என்று பலர் கருதுகிறார்கள்.

எங்கள் ஜில்லா ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த அதே 1985-ல், மிஸௌரி சர்வகலாசாலையின் ஜார்ஜ் ஸ்மித், நூல் போன்ற ஒரு ஃபேஜின் மரபணுவில் வேற்றுத் துண்டு ஒன்றைச் செருகினார். அத்துண்டுக்குரிய புரதம் ஃபேஜின் மேல்சட்டையில் வந்து நின்றது. வெளியே லேபிள், உள்ளேயே அதை அச்சடிக்கும் கல்!

பிறகென்ன, கோடிக்கணக்கான ஃபேஜ்களில் விதவிதமான பெப்டைடு லேபிள்களை ஏற்றினார்கள். பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு. அவற்றைப் புற்றுச் செல்களின்மேல் கொட்டி, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றைப் பாக்டீரியாவில் பெருக்கி, மீண்டும் கொட்டிக் கழுவ வேண்டும். அரிசியில் கல் அரிப்பது மாதிரி மூன்று நான்கு தடவை. எஞ்சியதன் மரபணுவைப் படித்தால் ஒட்டிய லேபிள் எது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு? வழக்கமான மருந்து நல்ல செல்லையும் சேர்த்துத் தாக்குகிறது. சிகிச்சைக்காக விருதுநகரிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் அலையும் குடும்பங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. மருந்தைச் சரியான விலாசத்தில் சேர்க்கும் பெப்டைடு கிடைத்தால் அந்த வேதனை குறையும். 1998-ல் அரப், பஸ்குவாலினி, ரூஸ்லாத்தி மூவரும் டாக்ஸோரூபிஸினை அத்தகைய பெப்டைடுடன் பிணைத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி நன்றாக அடங்கியது; நஞ்சும் குறைந்தது.

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்க நாளாகிறது. 2018-ல் ஸ்மித்துக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2014-லேயே, ஃபேஜ் வழியில் கண்டெடுத்த ராமுசிருமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டு ராமு மாதிரி இருக்கிறது! அது பெப்டைடு அல்ல, பெரிய எதிர்ப்புப் புரதம். முற்றிய வயிற்றுப் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில், அதைப் பெறாதவர்களில் பாதிப்பேர் 3.8 மாதம் தாண்டினார்கள். பெற்றவர்களில் பாதிப்பேர் 5.2 மாதம்.