மரப்பட்டையும் அரசாணையும்

கெடா மாநிலத்தின் தெற்கே கூலிம் மாவட்டத்தில் அமைந்த பாடாங் செராய் வட்டாரத்தை உருவாக்கியது பால்மரம் எனத் தமிழர் வழங்கும் ரப்பர் மரமே. 1909ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தபின் அங்கே பெருகிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். ஹென்ரியேட்டா, விக்டோரியா என்னும் தோட்டப் பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. எவ்வளவு நிலத்தில் நடலாம், எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம், எந்த மரத்தை அழித்து எதை நடலாம் என்பவற்றையெல்லாம் லண்டனிலும் கோலாலம்பூரிலும் இருந்தோரே தீர்மானித்தனர். அத்தீர்மானங்களில் ஆராய்ச்சிக்குக் கிடைத்த இடம் எத்தகையது என்பதை, மரத்தின் பட்டை ஒன்றையே கொண்டு பெருமளவு விளங்கிக்கொள்ள முடியும்.

பால் சுரக்கும் குழல்கள் மரத்தின் உட்பட்டையில் உள்ளன. விடியுமுன், வெயில் ஏறிப் பாலோட்டம் குறைவதற்குள், தொழிலாளி தன் நிரையில் உள்ள மரங்களை ஒவ்வொன்றாக அணுகி, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்கோட்டில் மெல்லிய ஒரு சீவலை மட்டும் உளியால் எடுக்க, பால் கோட்டின்வழி இறங்கி மங்கு எனப்படும் கிண்ணத்தில் சொட்டுகிறது. சீவல் தடித்தால் பட்டை வீணாகும். உளி ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் அவ்விடத்தில் காயம் முண்டாகி, புதுப்பட்டை சீராக வளராது. வெட்டிய பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் பல ஆகுமாதலால், ஒரு மரத்தில் எஞ்சியிருக்கும் பட்டையே அதன் எஞ்சிய ஆயுள் எனலாம்.

1922 முதல் 1928 வரை நடைமுறையில் இருந்த ஸ்டீவன்சன் திட்டம், விலைவீழ்ச்சியைத் தடுப்பதற்காக ஏற்றுமதிக்குப் பங்களவு விதித்தது. பெருந்தோட்டங்களிடம் கணக்கேடுகள் இருந்தன. 100 ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டங்களின் உரிமையாளர்களிடமோ அத்தகைய ஏடுகள் இல்லாமையால், அவர்களுடைய விளைச்சல் அதிகாரிகளின் மதிப்பீட்டின்படியே குறிக்கப்பட்டது. அம்மதிப்பீடு குறைவாகவே அமைந்தது. சிறுதோட்டக்காரர் நெருக்கமாக நட்டு, அளவு மீறி வெட்டி, மரங்களை விரைவில் அழித்துவிடுவர் என்ற எண்ணம் அக்கால நிர்வாகத்தில் வேரூன்றியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் வேளாண்மைத் துறையினர் சிறுதோட்டங்களுக்கே சென்று, செலவான பட்டையையும் மீண்டும் வளர்ந்த பட்டையையும் அளந்தபோது அவ்வெண்ணம் பொய்த்தது. நெருங்கிய மரங்களின் நிழலில் புதுப்பட்டை நன்றாகவே வளர்ந்திருந்தது. மரங்கள் அழியும் நிலையில் இல்லை.

அளவை முடிந்த மறு ஆண்டுகளில் நிகழ்ந்ததுதான் வருந்தத்தக்கது. 1934இல் கையெழுத்தான அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை மீண்டும் பங்களவை விதித்ததோடு, புதுநடவையும் ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்தது. சிறுதோட்டங்களின் பங்களவு இம்முறையும் அவற்றின் திறனுக்குக் குறைவாகவே வரையறுக்கப்பட்டது. அரசின் ஒரு துறை கண்டறிந்த உண்மை, அதே அரசு எடுத்த முடிவின் வாயிலைக்கூட எட்டவில்லை. போருக்குப்பின் 1946இல் காலனித்துவ அலுவலகம் அனுப்பிய பொருளியலறிஞர் பீட்டர் பாவர் சிறுதோட்டங்களைச் சுற்றிப் பார்த்து 1948இல் வெளியிட்ட அறிக்கையே இந்த அநீதியைத் தக்க சான்றுகளுடன் எடுத்துரைத்தது. அதற்குள் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

மரத்தைப் பற்றிய அறிவு நிறுவன பலத்துடன் வளர்ந்தது. 1925இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதியாகும் ரப்பர்மீது விதிக்கப்பட்ட செஸ் என்னும் தீர்வையைக் கொண்டு இயங்கியது. அதாவது பெருந்தோட்டமும் சிறுதோட்டமும் சேர்ந்தே அதன் செலவைச் சுமந்தன. புதுநடவு தடைப்பட்டிருந்த 1937இல் அக்கழகத்தில் நிகழ்ந்த கலப்பிலிருந்து பிறந்த ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் ஒட்டுவகை, பல்லாண்டுக் களச்சோதனைக்குப் பின்னரே நடவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தேர்வு செய்யாத விதைமரங்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விளைச்சல் தந்த அவ்வகையைப் பரப்ப அரசின் உதவி தேவைப்பட்டது. இளமரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகுமாதலால் வருவாயின்றிக் காத்திருக்கச் சிறுதோட்டக்காரரால் இயலாது. 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. 1954இல் பிரான்சிஸ் மூடி தலைமையிலான குழு தொழிலின் நிலையை மதிப்பிட்டு மறுநடவை விரைவுபடுத்தப் பரிந்துரைத்தது. ஆராய்ச்சிக்கே மதிப்பீடு தேவை என்பதும் உணரப்பட்டு, 1956இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிளாக்மன் ரப்பர் ஆராய்ச்சி முழுவதையும் ஆய்ந்து தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1959இல் மலாயா ரப்பர் நிதி வாரியம் அமைந்தது. ஆய்வும் ஆணையும் இவ்வளவு இசைந்து சென்ற காலம் மலாயாவின் ரப்பர் வரலாற்றில் அதற்கு முன் இல்லை.

ஆயினும் அதே பத்தாண்டில், உளி பிடித்தவர்களின் வாழ்வு சிதைந்துகொண்டிருந்தது. விடுதலையை ஒட்டி ஐரோப்பியர் விற்ற தோட்டங்களைத் தரகர்கள் வாங்கிச் சிறு பங்குகளாக வெட்டி விற்றனர். துண்டாடல் எனத் தமிழர் இதனை வழங்கினர். நிலம் கைமாறியபோது வேலை மட்டுமன்றி, லயம் எனப்படும் வரிசைவீடும், மருந்தகமும், பள்ளியும் ஒருங்கே ஆட்டங்கண்டன. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு, 1951 முதல் 1960 வரையான துண்டாடலை ஆராய்ந்து, வேலையிழப்பு, கூலிக்குறைவு, குடியிருப்புச் சீர்கேடு ஆகியவற்றைத் தொகுத்து மூன்று தொகுதிகளாக 1962இல் வெளிவந்தது. பட்டையை அளந்தது போலவே மனிதருடைய இழப்பையும் எண்ணிக் காட்டிய அவ்வரிய ஆய்வுக்குப் பின்னரும் துண்டாடல் 1960கள் முழுவதும் தொடர்ந்தது. தோட்ட நிலத்தைக் கூறுபோட்டு விற்க முன் அனுமதி வேண்டும் என்னும் 214ஏ பிரிவு, 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் காலந்தாழ்த்தியே சேர்க்கப்பட்டது.

தொழிலாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்வெட்டுக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குத்தொகை செலுத்திய அவர்கள், ஆய்வறிக்கை அச்சேறுவதற்கு முந்திய ஆண்டான 1961இலேயே, சங்கத்தின் முதல் தோட்டமாகக் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியிருந்தனர்.