குதிரை லாயத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

சென்ற மலரில் செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள திருநாதர்குன்றக் கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த ஆண்டும் அதுபோல ஒரு சமணக் கட்டுரை வரும் என்று எதிர்பார்த்த அன்பர்கள் தலைப்பைப் பார்த்துத் திகைக்கலாம். மலர்க் குழு நண்பர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "என்ன நயினார், கொல்லாமை பேசுகிற வாய் தோட்டாவைப் பற்றிப் பேசுது?" நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

அடியேன் பள்ளிப் படிப்போடு நின்றவன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனேவுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்கிறேன். பித்தளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டது.

1984ஆம் வருஷம் தீபாவளி வியாபாரத்துக்காக, மழைக்கு முன்னாலேயே புதுச் சொம்புகள் ஆயிரத்துக்கும் மேல் வாங்கி வைத்தேன். தகட்டைச் சுழலவிட்டு அழுத்தி உருவாக்கிய சொம்புகள். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கடையில் இடமில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, வைக்கோல் சுற்றி அடுக்கினேன். ஐப்பசியில் எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத சொம்புகளில் கழுத்தில் நெட்டுக்குத்தாக விரிசல்! நகத்தால் தட்டினால் ஓட்டைப் பானைச் சத்தம். தயாரித்த பட்டறைக்காரருக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினேன். "கலப்படத் தகடு கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதி, பாக்கிப் பணத்தையும் கொடுக்காமல் நிறுத்திவிட்டேன்.

உண்மைக் காரணம் தெரியப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் உலோகவியல் பாடப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தபோது, என் சொம்புகளின் கதை அப்படியே அதில் இருந்தது. சொம்புக்குப் பதில் தோட்டா. மாட்டுக் கொட்டகைக்குப் பதில் குதிரை லாயம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். 1857 கலகத்துக்குப் பொறியாக இருந்த கொழுப்புத் தடவிய தோட்டா காகிதத் தோட்டா என்பது நாம் பள்ளியில் படித்ததே. அடுத்த பத்தாண்டுக்குள் காகிதம் போய் உலோகம் வந்தது. 1866 வாக்கில் வந்த ஸ்னைடர் துப்பாக்கிக்கு பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித் தோட்டாக் கூடு செய்தார். 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கும் சுருட்டிய கூடுதான். சுட்டுச் சுட்டுத் துப்பாக்கி சூடேறினால் இந்தக் கூடு கிழிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 1885 சூடான் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதனால் உயிரையே விட்டார்கள். அதன் பிறகு, ஒரே துண்டுத் தகட்டை அழுத்தி இழுத்துச் செய்த முழுக் கூடு நிலைபெற்றது. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்; இந்தக் கலவைக்கு இன்றைக்கும் தோட்டாப் பித்தளை என்றே பெயர்.

நம் கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையை அன்பர்கள் அறிவீர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மிலும் தோட்டா செய்தார்கள். உடம்புக்குள் போய் விரிகிற "டம்டம் குண்டு" 1890களில் அங்கே பிறந்தது. 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளுக்குத் தடை விதித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது குண்டைப் பற்றி அல்ல, அதைத் தாங்குகிற பித்தளைக் கூட்டைப் பற்றி.

மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். அப்போது தோட்டாப் பெட்டிகளை நனையாத இடமாகப் பார்த்துக் குதிரை லாயங்களில் அடுக்கினார்கள். மழை விட்டுத் திறந்து பார்த்தால், சுடாத தோட்டாக்களின் கழுத்தில், கூடு குண்டைக் கவ்வுகிற இடத்தில், விரிசல். பித்தளை மட்டமா, வெயிலா, ஈரமா என்று தெரியாமலே இந்தச் சங்கடம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921இல் விடை சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா ஆவி ஒரு காரணம். பித்தளையின் உள்ளே ஏற்கனவே தேங்கியிருந்த இறுக்கம் இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்தால்தான் விரிசல். ஒன்று மட்டும் இருந்தால் பித்தளை தாங்கிவிடும்.

அது என்ன இறுக்கம்? தகட்டைக் குளிர்ந்த நிலையில் அடித்தாலும், இழுத்தாலும், வளைத்தாலும் அதன் நுண்ணிய படிகங்கள் நெருக்குண்டு கடினமாகின்றன. வேலை முடிந்த பிறகும் ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மோனியாவும் ஈரமும் மேல்பரப்பில் நுழைந்து படிகங்களின் ஓரத்தை அரித்ததும், உள்ளே இருந்த இழுப்பு அந்த வழியாகப் பிளந்துகொண்டு போகிறது.

இதற்கு மருந்து நெருப்பு. சுமார் 250 முதல் 300 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தாலே உள்ளிறுக்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். கடினம் அதிகம் குறையாது. 400 டிகிரிக்கு மேல் போனால் படிகங்களே புதிதாக உருவாகி, பித்தளை மறுபடி மெத்தென்று ஆகும். இதைத்தான் காய்ச்சி ஆற்றுதல் என்கிறோம். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். இந்தப் பித்தளை அப்படி இல்லை. தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறினாலும் மென்மை மென்மைதான்.

கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்ற கன்னார் தெரு இருக்கிறது. பேஷ்வா காலத்திலிருந்து செம்பு தட்டுகிறவர்கள். அங்கே ஒரு பெரியவரிடம் நான் படித்ததை உடைந்த மராத்தியில் விளக்கினேன். காகா சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இதுக்குப் புத்தகம் எதுக்கு? அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். சத்தம் மாறினா அடுப்புல வை. வைக்காம அடிச்சா வெடிக்கும்." லாயத்து அம்மோனியா அவருக்குத் தெரியாது. ஆனால் மருந்தின் பாதி அவர் காதில் இருந்தது.

தோட்டாத் தொழிற்சாலையில் நடப்பதும் இதுவே. வட்டத் தகடு முதலில் கிண்ணமாகும். பிறகு பல தடவை இழுபட்டு நீண்ட குழாயாகும். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் காய்ச்சி ஆற்றி, அமிலத்தில் கழுவுவார்கள். கடைசியில் கழுத்தைக் குறுக்கிய பிறகு, கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் நெருப்புக் காட்டுவார்கள். பல நாடுகளின் ராணுவத் தோட்டாக்களில் கழுத்தருகே நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை இந்த நெருப்பின் அடையாளம். அடிப்பாகத்தை மட்டும் மென்மையாக்கவே கூடாது. சுடும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் வரும். அடி மெத்தென்றிருந்தால் கூடு பிய்ந்து, வாயு சுடுபவரின் முகத்திலேயே அடிக்கும். ஒரே கூட்டில் தலைக்கு ஒரு பதம், அடிக்கு ஒரு பதம்!

போட்டிக்காக இலக்கு சுடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கவலை உண்டு. பல நாடுகளில் அவர்கள் ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கழுத்து விரிகிறது. அதை மறுபடி குறுக்க வேண்டியிருக்கிறது. கன்னார் சுத்தியல் செய்வதை இந்த விரிதலும் குறுகலும் செய்துவிடுகின்றன. கழுத்து கடினமாகிக்கொண்டே போகிறது. ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும். இன்னொன்று தளர்த்திப் பிடிக்கும். பிடி மாறினால் குண்டின் வேகம் மாறும். வேகத்தில் வினாடிக்கு 30 அடி குறைந்தால், 1000 கஜத் தூரத்தில் குண்டு சுமார் ஓர் அடி கீழே போய்விடும். அதனால் சில சுற்றுக்கு ஒருமுறை காலிக் கூட்டின் கழுத்தைத் தீச்சுடரில் சில வினாடிகள் சுழற்றிக் காட்டுகிறார்கள். இப்போது மின்சுருள் கருவியும் வந்துவிட்டது. நெருப்பு குறைந்தால் பயனில்லை. மிஞ்சினால் கூடு வீண். எல்லாக் கூட்டுக்கும் ஒரே அளவு நெருப்பு என்பதில்தான் குறி தப்பாத ரகசியம் இருக்கிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சமந்தபத்திரர் இல்லறத்தாருக்குச் சொன்ன விரதங்களில், பயனற்ற பாவச் செயல்களை விலக்குவது ஒன்று. கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பதும், பாவத்துக்கு வழிகாட்டும் உபதேசமும் அந்தப் பட்டியலில் வருகின்றன. நம் தமிழ் அருங்கலச்செப்பும் அந்த வழியில் வந்த நூல்தான். 1990களில் ஒரு தரகர் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளைப் பழைய பித்தளையாக வாங்கித் தருவதாகச் சொன்னார். சரக்கு சுத்தம், விலையும் மலிவு. ஊரில் இருந்த அப்பாவிடம் போனில் கேட்டேன். "காலிக் கூடு கொலைக்கருவி இல்லடா. உருக்கினா குத்துவிளக்கு ஆகும். ஆனா அந்த விளக்கை என் பூஜை அறையில வைக்காத" என்றார். நான் வாங்கவில்லை. உருக்கி விளக்காக்குவதுதான் நல்லதோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும்.

ஆனால் தோட்டாவைத் தொடாமல் இருந்ததாலேயே நான் ஹிம்சை செய்யாதவன் ஆகிவிட்டேனா? அந்தப் பாடப் புத்தகத்தைப் படித்த வாரமே சொம்புப் பட்டறைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, நிறுத்திவைத்த பாக்கியையும் அனுப்பினேன். அவர் காலமாகியிருந்தார். மகன் பதில் எழுதினார். பணம் வந்து சேர்ந்ததாம். என் பழைய கடிதத்தைப் படித்த அப்பா, தகட்டில் குறை இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டு, "அடுப்பில் பதம் பார்க்காத குற்றம்" என்று அடுப்பு வேலை செய்த ஆளை நீக்கிவிட்டாராம். அவர் குடும்பத்தோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மனிதர் மேல் குற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசியாக ஒருமுறை மிதமான நெருப்புக் காட்டியிருந்தால் சொம்புகள் மாட்டுக் கொட்டகையையும் தாங்கியிருக்கும். நல்ல இடத்தில் வைத்திருந்தால் நெருப்புக் காட்டாமலும் பிழைத்திருக்கும். விரிசலுக்கு இரண்டு காரணம். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. தண்டனை அவர் ஒருவருக்கே போயிற்று. ராணுவக் கிடங்குகளிலும் இப்படி எத்தனை அடுப்புக்காரர்கள் மேல் பழி விழுந்ததோ! அதனால்தான் தோட்டாவின் கதையை எழுதினேன்.

வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம், சொம்பு வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுத் தொழுவம், கழிப்பறை ஓரம், அம்மோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவம் வைக்கும் அலமாரி, இந்த இடங்களில் பித்தளையை வைக்காதீர்கள். நன்றாகத் துடைத்து, ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அப்படியும் விரிசல் விட்டால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் அது எங்கே இருந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.