வழி வகுக்காத பந்தயம்

பந்தயம் என்றால் பாதை உண்டு. குதிரை ஓடினாலும் ஆள் ஓடினாலும், எங்கே தொடங்கி, எவ்வழியே சென்று, எங்கே முடிப்பது என்பதை யாரோ ஒருவர் முன்னரே வகுத்து வைத்திருப்பார். விரைந்து ஓடுவது ஒன்றே ஓடுகிறவர் கடன். ஆனால் பாதையையும் தாமே வகுத்துக்கொண்டு ஓட வேண்டிய பந்தயம் ஒன்று உலகில் இருக்கிறது. வட ஐரோப்பியக் காடுகளிலே பிறந்த அப்பந்தயத்துக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். திசையறி ஓட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவ்வோட்டம் நாடு விட்டு நாடு செல்லும் உலகக் கோப்பைப் பருவமாக வளர்ந்த வரலாற்றைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். காட்டிலே ஆங்காங்கே குறியிடங்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளையும் ஆரஞ்சு நிறமுமான சிறு கொடி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். புறப்படும் கணத்திலேதான் ஓட்டக்காரர் கையில் நிலப்படம் தரப்படும். மற்றக் கையில் காந்த ஊசித் திசைகாட்டி. படத்தில் வட்டமிட்ட இடங்களை வரிசை பிறழாமல் ஒவ்வொன்றாகக் கண்டு வர வேண்டும். இரண்டு குறியிடங்களுக்கு இடையே குன்றைச் சுற்றிப் போவதா, ஏறி இறங்குவதா, சதுப்பு நிலத்தைக் கடப்பதா, விலகுவதா என்பதெல்லாம் அவரவர் முடிவு. தனியாள் போட்டிகளில் பெரும்பாலும் சில நிமிட இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராக அனுப்புவார்கள். முன்னே போகிறவரைப் பின்பற்றி ஓடுவது ஆட்டத்தின் அறத்துக்குப் புறம்பானது.

இக்கலை படைவீட்டிலே தோன்றியது. ஸ்டாக்ஹோம் நகரையடுத்த கார்ல்பெர்க் படைக் கல்லூரியில் 1886-ஆம் ஆண்டிலேயே, அறியாத நிலத்தைப் படமும் ஊசியும் கொண்டு கடக்கும் பயிற்சிக்கு இப்பெயர் வழங்கியது. குடிமக்களுக்கான முதற் போட்டி நார்வே நாட்டின் தலைநகர்ப் புறத்தே 1897 அக்டோபர் 31 அன்று நடந்தது. எனினும் இதனைப் பொதுமக்கள் ஆட்டமாக்கிய பெருமை ஸ்வீடன் நாட்டு மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் அவர்களையே சாரும். இளைஞர்கள் ஓட்டப் பந்தயத்தில் ஆர்வம் இழந்து வருவதைக் கண்டு அவர் கவலையுற்றார். வட்டத் தடத்தையே சுற்றிச் சுற்றி ஓடினால் சலிப்புத்தானே வரும்? கால்களுக்கு வேலை கொடுத்தால் போதாது, கருத்துக்கும் வேலை வேண்டும் என்று அவர் எண்ணினார். 1919 மார்ச் 25 அன்று ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் நடத்திய போட்டிக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். அன்று முதல் இவ்வாட்டம் ஸ்காண்டிநேவிய மக்களின் உடைமையாயிற்று. 1930-களில் கூனர் டில்லாண்டரும் ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும், கோணமானியைத் தன்னுள்ளே கொண்ட திசைகாட்டியை உருவாக்கிய பிறகு, சிறுவரும் எளிதில் கற்கும் கலையாயிற்று.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பது நம் நாட்டுப் பழமொழி. அது இவ்வாட்டத்துக்குப் பொருந்துவதுபோல் வேறெந்த ஆட்டத்துக்கும் பொருந்தாது. சிறு வயது முதல் ஒரு காட்டில் ஓடி விளையாடியவருக்குப் படம் எதற்கு? எந்தப் பாறையின் பின்னே பள்ளம், எந்தச் சதுப்பு கோடையில் வற்றும் என்பதை அவர் கால்களே அறியும். நார்வேயும் ஸ்வீடனும் 1932-இல் ஆஸ்லோ நகருக்கருகே முதன்முதலாக நாட்டுக்கு நாடு மோதியபோதே இவ்வினா எழுந்திருக்க வேண்டும். வென்றவர் படத்தை நன்றாகப் படித்தவரா, அல்லது அந்த மண்ணுக்கு நன்கு பழகியவரா? திசையறி ஓட்டத்தின் பிற்கால வரலாறு முழுவதையும் இவ்வொரு வினாவுக்கு விடை தேடிய முயற்சியாகவே நான் காண்கிறேன்.

முதல் விடை, படத்திலிருந்தே வந்தது. அரசினர் அச்சிட்ட படங்கள் சாலைக்கும் படைக்கும் எழுதப்பட்டவை. ஆளுயரப் பாறையையும் சிறு குழியையும் அவை காட்டுவதில்லை. காட்டாத இடத்தில், ஊரறிந்தவனுக்கே ஆதாயம். ஆகவே ஓட்டத்துக்கென்றே காட்டை அடியடியாக நடந்தறிந்து தனிப்படம் வரையலாயினர். 1950-இல் நார்வேயில் வண்ணத் தனிப்படம் அச்சேறியது. 1961 மே 21 அன்று கோபன்ஹேகன் நகரில் பத்து நாடுகள் கூடி அனைத்துலகச் சம்மேளனத்தை நிறுவின. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய நாடுகளோடு பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி ஆகியவையும் அதில் இருந்தன. ஐரோப்பா இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற அந்நாளில், இரு முகாம்களும் காட்டுப் படத்தை நடுவே வைத்து ஒரு மேசையில் அமர்ந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. சம்மேளனம் படங்களுக்கெனப் பொதுக் குறியீடுகளை வகுத்தது. பழுப்புக் கோடு நிலத்தின் உயரத்தைக் காட்டும். நீலம் நீரைக் காட்டும். கருமை பாறையையும் பாதையையும் காட்டும். பச்சை அடர்த்தியான புதரைக் காட்டும். தடையின்றி ஓடத்தக்க காடு வெண்மையாகவே விடப்படும். மொழி அறியாதவரும் இப்படத்தை எந்நாட்டிலும் படிக்கலாம்.

இரண்டாவது விடை, போட்டிகளின் அமைப்பிலே வந்தது. 1966-இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்னும் ஊரில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. நார்வேயின் ஓகே ஹாட்லரும் ஸ்வீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட்டும் வாகை சூடினர். பின்னர்ப் பல ஆண்டுகள் இப்போட்டி பெரும்பாலும் இரண்டாண்டுக்கொரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே நாட்டில் நடந்து வந்தது. ஒரு மண்ணில் சில நாள் ஓடி வென்றவரை உலகம் முழுவதற்கும் வல்லவர் என்பது எப்படி? பல மண்ணில் ஓடவிட்டு, ஒவ்வோர் ஓட்டத்திலும் பெற்ற இடத்துக்கேற்பப் புள்ளியிட்டுக் கூட்டிப் பார்ப்பதே முறை என்று கருதினர். 1983-இல் அவ்வாறு சோதனையாக ஒரு தொடர் நடந்தது. 1986-இல் அதுவே அதிகாரபூர்வமான உலகக் கோப்பை ஆயிற்று. அவ்வாண்டு ஸ்வீடனின் கென்ட் ஓல்சன் ஆடவரிலும், நார்வேயின் எல்லன் சோபி ஓல்ஸ்விக் மகளிரிலும் முதலிடம் பெற்றனர். 2004 வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் இப்பருவம் நடைபெறலாயிற்று. பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டுப் பருவம் கைவிடப்பட்டது.

மண் மாறினால் என்ன மாறும் என்று நேயர்கள் கேட்கலாம். நார்வே, ஸ்வீடன் காடுகளில் பாசி படர்ந்த பாறையும் சதுப்பும் மிகுதி. அங்கே பாதையே அரிது. ஸ்விட்ஸர்லாந்தில் செங்குத்தான சரிவு மூச்சை வாங்கும். சுண்ணாம்புக்கல் நிலங்களில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் நெருங்கியிருக்கும். ஒன்றை மற்றொன்றாக மயங்கினால் குறியிடம் தப்பிப் போகும். 2001 முதல் உலகச் சாம்பியன் போட்டியில் குறுவிரைவு ஓட்டமும் சேர்ந்தது. அத்தகைய ஓட்டங்கள் நகரத் தெருக்களிலும் சந்துகளிலும் நடப்பவை. ஓட்டக்காரர் நொடிக்கொரு முடிவு செய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் பருவம் நியூஸிலாந்தில் தொடங்கியது. வட ஐரோப்பியர் பனிக்காலத்தை விட்டுத் தென்கோளத்துக் கோடையிலே சென்று ஓடினர். அங்கே எவருடைய சிறுவயதுக் காடும் அவர்களுக்கு உதவவில்லை.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஸ்விட்ஸர்லாந்தின் சிமோன் நிக்லி-லூடர் அம்மையார் 2003-இல் தம் சொந்த நாட்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் நான்கு தங்கங்களையும் வென்றார். சொந்த மண்ணின் துணை என்று எவரேனும் சொல்லியிருக்கலாம். 2005-இல் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில், முற்றிலும் வேறுபட்ட காட்டில், மீண்டும் நான்கையும் வென்றார். அதன் பின் அச்சொல்லுக்கு இடமேது? 2013-இல் ஓய்வு பெறும்போது அவர் பெற்றிருந்த உலகப் பட்டங்கள் 23. உலகக் கோப்பையிலும் அவரே பன்முறை முதல்வர். அவருக்குப் பின் ஸ்வீடனின் டோவே அலெக்ஸாண்டர்சன் 2014 முதல் 2019 வரை இடைவிடாது ஆறு பருவங்களில் முதலிடம் பெற்றார்.

ஆயினும் படமும் புள்ளியும் மட்டும் நேர்மையைக் காத்துவிடா. போட்டிக்கெனக் குறித்த காட்டுக்குள் வீரர்கள் முன்கூட்டி நுழையக் கூடாது என்பது விதி. அதைக் காப்பது பெரிதும் அவரவர் நாணயமே. 2019 அக்டோபரில் சீனாவின் ஊஹான் நகரில் நடந்த படைவீரர் உலக விளையாட்டில், விருந்தளித்த நாட்டு ஓட்டக்காரர் சிலர் தகுதி நீக்கம் பெற்றனர். பார்வையாளர் உதவியும், முன்பே இட்டு வைத்த அடையாளங்களும், அவர்கள் மட்டுமே அறிந்த சிறு பாதைகளும் அவர்களுக்குத் துணைநின்றன என்று கண்டறியப்பட்டது. பழைய சிக்கலே புது உருவில் வந்து நின்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2009 ஆகஸ்டில் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் உலகச் சாம்பியன் போட்டியின் ஆடவர் தொடரோட்டம். இறுதிச் சுற்றில் ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் மரக்கிளை ஆழப் பாய்ந்தது. பதக்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பிரான்சின் தியரி குவோர்குவும், நார்வேயின் ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க்கும், செக் நாட்டின் மிகால் ஸ்மோலாவும் ஓட்டத்தை விட்டு நின்றனர். காயத்தைக் கட்டினர், உதவிக்கு ஆள் அழைத்தனர், அடிபட்டவரைக் காட்டிலிருந்து மீட்கத் துணைநின்றனர். தங்கத்தை ஸ்விட்ஸர்லாந்து பெற்றது. நின்ற மூவரின் நாடுகளும் பதக்கமின்றித் திரும்பின. காட்டுக்குள்ளே அப்போது அவர்களைக் கட்டாயப்படுத்த நடுவர் எவரும் இல்லை.

நெடும்பயணச் செலவால் சிறு நாடுகள் இப்பருவம் முழுவதும் பங்குகொள்வது கடினம் என்ற குறை உண்மையே. ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் 1977-இலேயே கிடைத்தும், ஒலிம்பிக் பந்தயங்களில் இதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. காட்டுக்குள் மறைந்து ஓடுகிறவரைப் பார்வையாளர் காண்பது அரிது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அக்குறைகளை ஒப்புக்கொண்டே நான் கூற விழைவது இது: ஒருவர் தம் மண்ணில் பெறும் வெற்றியைப் பிறர் மண்ணிலும் உரசிப் பார்க்கும் வழக்கத்தை இவ்வாட்டம் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது. அதற்கெனப் பொதுப் படம் வரைந்தது. நாடு நாடாகச் சென்றது. அறியாத காட்டில், யாரையும் வழி கேளாமல், குறுக்கு வழியும் கொள்ளாமல் ஓடி மீள்பவரையே அது வல்லவர் என மதிக்கிறது.