பர்மனென்ட்

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைத் தொழிலாளர் பேச்சில் நிரந்தரப் பணியைச் சுட்டும் ஆங்கில உரிச்சொல். “அவர் பர்மனென்ட்” என ஆளையே குறிப்பதும் உண்டு. எதிர்ச்சொற்கள்: டெம்பரவரி, கான்ட்ராக்ட். ‘என்றென்றும்’ என்னும் அகராதிப் பொருள் இங்கே பொருந்தாது. ஓய்வு வயதுவரை நீடிக்கும் வேலை என்பதே பொருள். சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் வீட்டு வாடகை, வங்கிக் கடன், பெண் பார்ப்பது வரை இச்சொல்லுக்குத் தனி மதிப்பு.

சட்டம் இதற்கு நாள்கணக்கு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும். நோய், அனுமதி பெற்ற விடுப்பு ஆகியவற்றால் அத்தொடர்ச்சி அறாது. கட்டுமான வேலைக்கு இச்சட்டம் பொருந்தாதது பெருங்குறை. சேர்ந்த நாள்முதலே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். 480 நாட்களுக்கு அவையும் சான்று.