கிரீமில் தண்ணீர் கலந்த பிறகு

அழகுப் பொருள்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருக ஈரம் வேண்டும். ஒரு பொருளில் நுண்ணுயிரிகளுக்கு எட்டும் நீர் எவ்வளவு என்பதை 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவால் குறிப்பார்கள், அது 0.6-க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரியும் அதில் வளராது. பழங்காலத்துப் பூச்சுகளில் பல இந்த வரம்புக்குள் அடங்கியவை. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த கண்மை, உலர்த்தி அரைத்த சீயக்காய், பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்த நலங்கு மாவு ஆகியவை மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும். குளிக்கும் வேளையில்தான் அவற்றில் தண்ணீர் சேரும். சந்தனம் கட்டையாகவே இருக்கும், வேண்டும்போது இழைத்துக்கொள்வார்கள். இவற்றுக்கென்று பதனப்பொருள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. லண்டனின் சதக் பகுதியில் 2003-இல் அகழ்ந்தெடுத்த ரோமானியர் காலத்து வெள்ளீயச் சிமிழும் இதே வகைதான். உள்ளே இருந்த வெண்ணிறக் களிம்பு விலங்குக் கொழுப்பு, மாவுப்பொருள், வெள்ளீய ஆக்சைடு ஆகியவற்றின் கலவை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் விரல் தடங்கள் அழியாமல் இருந்தன.

தண்ணீரைக் களிம்புக்குள் கொண்டுவந்ததில் முதற்பெயர் காலனுடையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இந்தக் கிரேக்க மருத்துவர், ரோஜா மணமேற்றிய எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, அது ஏற்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் குழைக்கும் முறையை எழுதிவைத்தார். தோலில் தடவியதும் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும்; 'கோல்ட் கிரீம்' என்ற பெயர் அதனால் வந்தது. இந்தக் கலவையில் நீர் சிறு துளிகளாக எண்ணெய்க்குள் சிறைப்பட்டிருப்பதால், ஒரு துளியில் புகுந்த கிருமி அடுத்த துளிக்குப் போவது எளிதல்ல. ஆனாலும் கிரீம் நெடுநாள் நிற்கவில்லை. சில நாள்களில் நீர் பிரிந்துவிடும். ஆலிவ் எண்ணெயும் பாதாம் எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதனால் ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிண்டினார்கள்.

கிருமி என்ற ஒன்று அறியப்படாத அந்த நூற்றாண்டுகளில் கெடுதல் என்றாலே சிக்கு வாடைதான். களிம்புகளுக்கு அடிப்படையான பன்றிக் கொழுப்பை, சுமத்ராவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த சாம்பிராணியோடு சேர்த்துச் சூடாக்கி வைப்பது பழைய மருந்து நூல்களில் காணப்படும் வழக்கம். சாம்பிராணி ஏறிய கொழுப்பு எளிதில் கெடாது. அந்தப் பிசினிலிருந்து கிடைத்த பென்சாயிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்கும் என்பது 1875-இல்தான் தெரிந்தது. இன்றும் அது அனுமதிக்கப்பட்ட பதனப்பொருள்களுள் ஒன்று. இதற்கிடையே 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ 'வாசலின்' என்ற பெட்ரோலியக் களிம்புக்குக் காப்புரிமை பெற்றார். கனிம எண்ணெய்க்குச் சிக்கு வாடை கிடையாது, கிருமிகளுக்கும் அது நல்ல உணவல்ல. தாவர எண்ணெய்க்குப் பதில் கனிம எண்ணெயும், நீர் பிரியாமலிருக்க வெண்காரமும் சேர்ந்தபின் கோல்ட் கிரீம் தொழிற்சாலைப் பண்டமானது.

அடுத்து வந்தது 'ஸ்நோ'. பரோஸ் வெல்கம் நிறுவனம் 1892-இல் கொண்டுவந்த ஹேசலின் ஸ்நோவும், பம்பாயில் 1919-இல் பிறந்த ஆப்கன் ஸ்நோவும் 'வேனிஷிங் கிரீம்' வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு வீடுகளில் பவுடருக்கு முன் பூசும் கிரீம் எதுவானாலும் 'ஸ்நோ' என்றே பலகாலம் வழங்கியது. வேதியியலில் இந்த வகை கோல்ட் கிரீமைத் தலைகீழாக்கியது: எண்ணெய்க்குள் நீர் இருந்த இடத்தில், நீருக்குள் ஸ்டியரிக் அமிலத் துளிகள் மிதந்தன. எடையில் பெரும்பங்கு தண்ணீர், அதுவும் சிறைப்படாமல் டப்பா முழுவதும் தொடர்ந்து பரவிய தண்ணீர். பூசினால் பிசுபிசுக்காது என்பதால் மக்களுக்குப் பிடித்தது; ஒரு மூலையில் விழுந்த கிருமி மறுமூலைவரை பரவ வழி இருந்ததால் கிருமிகளுக்கும் பிடித்தது. ஆலையில் செய்து, கப்பலில் ஏற்றி, கடையில் மாதக்கணக்கில் வைத்து விற்கும் வணிகமும் இதே காலத்தில் வளர்ந்தது. பதனப்பொருளின் தேவை உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கையிலிருந்த பென்சாயிக், சாலிசிலிக் அமிலங்கள் உதவவில்லை. அவை அமிலச் சூழலில்தான் கிருமியின் உயிரணுவுக்குள் நுழையும். சோப்பும் வெண்காரமும் சேர்ந்த கிரீம்களோ காரத்தன்மை கொண்டவை. பெர்லினில் தியோடோர் சபாலிட்ஷ்கா 1920-களில் இதற்கு வழி கண்டார். பாரா-ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலத்தை ஆல்கஹாலோடு இணைத்து எஸ்டராக்கினால், பி.எச். 8 வரையிலும் அது செயலிழக்காது என்று அவர் காட்டினார். 'நிபாஜின்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த இவையே பின்னாளில் 'பாராபென்' எனப்பட்டன. நிறமில்லை, மணமில்லை, விலை மலிவு, நூற்றுக்கு 0.1 முதல் 0.3 பங்கு போதும். சங்கிலி நீண்ட பியூட்டைல், புரோப்பைல் வகைகளுக்கு வீரியம் அதிகம் என்றாலும் அவை நீரில் கரைவது குறைவு. நன்றாகக் கரையும் மெத்தில் வகைக்கு வீரியம் குறைவு. ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடுவது வழக்கமாயிற்று.

பாராபென் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சோப்புக்குப் பதிலாக அயனியில்லா பால்மமாக்கிகள் கிரீம்களில் இடம்பிடித்தன. பாலிசார்பேட் போன்ற இவை பாராபென் மூலக்கூறுகளைத் தம்முள் சிறைப்பிடித்துக்கொள்வதை மேசன் டி நவார் முதலிய அமெரிக்க அழகுப்பொருள் வேதியியலாளர்கள் 1950-களில் எடுத்துக்காட்டினர். கிரீமில் போட்ட பதனப்பொருளின் பெரும்பகுதி எண்ணெயிலும் பால்மமாக்கியிலும் தங்கிவிட, கிருமி வாழும் நீருக்குச் சேர்வது சொற்பமே. பொருள் பட்டியலில் பதனப்பொருளின் பெயர் இருப்பதால் மட்டும் அந்த டப்பா பாதுகாப்பானதாகிவிடாது என்ற பாடம் அப்போதே கிடைத்திருந்தும், தொழில்துறை அதை மெதுவாகத்தான் ஏற்றது.

அதை விரைவுபடுத்தியவை மருத்துவமனைகள். 1940-களிலேயே நியூசிலாந்தில், பிறந்த குழந்தைகளுக்குப் போட்ட டால்க் பவுடரில் இருந்த டெட்டனஸ் கிருமியால் உயிரிழப்பு நேர்ந்திருந்தது. டால்க் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் கனிமம். மண்ணின் கிருமி வித்துகள் உலர்ந்த நிலையிலும் அதில் உயிரோடிருக்கும். உலர்பொருள் என்றால் கவலையில்லை என்ற எண்ணத்துக்கு அது ஓர் அடி. 1966-இல் நோபல், சேவின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், தோல் நோய்க்குத் தடவிய ஸ்டீராய்டு கிரீமிலேயே சூடோமோனாஸ் ஏருஜினோசா குடியிருந்ததை 'லான்செட்' இதழில் எழுதினர். மறு ஆண்டு அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் இரத்தத்தில் கண்ட கிளெப்சியெல்லா தொற்றின் ஊற்று, செவிலியர் பயன்படுத்திய கைக் கிரீம் என்று கண்டறியப்பட்டது. 1969-இல் வோல்வன், லெவன்ஸ்டீன் இருவரும் கடைகளிலிருந்து 250 அழகுப் பொருள்களை வாங்கிச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றில் கிருமி இருந்தது. அவற்றில் பல திறக்கப்படாதவை என்பதால் பழி முழுவதையும் வாங்கியவர் விரல்மீது போட முடியவில்லை. ஆலையின் தண்ணீர்க் குழாய், கலக்கும் தொட்டி, மூலப்பொருள் மூட்டை என்று தேடல் பின்னோக்கிச் சென்றது.

திறந்த பிறகு நடப்பதை ஆராய்ந்தவர்கள் அட்லாண்டாவின் லூயிஸ் வில்சனும் டொனால்ட் அஹேர்னும். மஸ்காரா தூரிகை இமையைத் தொட்டுத் தொட்டுக் குழாய்க்குள் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கிருமியைக் கொண்டுபோகிறது. பதனம் பலவீனமான மஸ்காராவில் சூடோமோனாஸ் பெருகி, தூரிகை பட்டுக் கீறிய விழியில் கார்னியா புண்ணை உண்டாக்கிய நிகழ்வுகளை அவர்கள் 1977-இல் வெளியிட்டனர். சிலருக்குப் பார்வை நிரந்தரமாகக் குறைந்தது.

இந்தப் பின்னணியில் பிறந்ததுதான் 'சவால் சோதனை'. 1970-இல் வந்த அமெரிக்க மருந்து நூலின் 18-ஆம் பதிப்பு இதை முதன்முதலில் சேர்த்தது. மருந்துகளுக்காக வகுத்த முறையை அழகுப்பொருள் துறை தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ.கோலை, சூடோமோனாஸ், கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய ஐந்தையும் ஒரு கிராமுக்கு இலட்சக்கணக்கில் வேண்டுமென்றே கலந்து, 28 நாள் கவனிப்பார்கள். 14 நாளில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், பூஞ்சைகள் பெருகக்கூடாது. பதனப்பொருளின் அளவைப் பார்ப்பதை விட்டு, முழுப் பண்டத்தின் நடத்தையைப் பார்ப்பது இதன் சிறப்பு. இந்த வகைச் சோதனைக்கு உலகப் பொதுத்தரமாக ஐ.எஸ்.ஓ. 11930 வந்தது 2012-இல்தான்.

சோதனை கடுமையானதும் வீரியமான பதனப்பொருள்கள் தேவைப்பட்டன. பாராபென் சூடோமோனாஸிடம் தோற்பது வழக்கம். அந்த இடத்தை நிரப்பியவை ஃபார்மால்டிஹைடும், அதைச் சிறிது சிறிதாக வெளிவிடும் இமிடசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 போன்றவையும். கிருமிக்கு எதிராக மிகையாகப் போனதன் விபரீதத்தை பிரான்ஸ் 1972-இல் கண்டது. ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 விழுக்காட்டுக்கும் மேல் கலந்துபோன மோர்ஹான்ஜ் குழந்தைப் பவுடரால் 36 பேர் இறந்தனர். அந்தப் பொருள் தோல்வழி உடலுக்குள் இறங்கி நரம்பைத் தாக்குவது. அமெரிக்காவும் அதே ஆண்டில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஐரோப்பியச் சமூகம் 1976-இல் அழகுப் பொருள்களுக்குப் பொதுச் சட்டம் இயற்றி, 1982-இல் பதனப்பொருள்களுக்கெனத் தனிப் பட்டியலைச் சேர்த்தது. பட்டியலில் உள்ளதைக் குறித்த அளவுக்குள் மட்டுமே போடலாம். இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் 1962-இல் அழகுப் பொருள்கள் கொண்டுவரப்பட்டன. பதனப்பொருள் பட்டியல் ஐ.எஸ். 4707 தரத்தில் இடம்பெறுகிறது.

நுண்ணுயிரியைக் கொல்லும் மூலக்கூறு மனிதத் தோலின் புரதத்தோடும் வினைபுரியக்கூடும். ஒவ்வாமையின் வேர் அதுதான். ஃபார்மால்டிஹைடு இதற்குப் பழைய உதாரணம். 1980-களில் பரவிய 'கேத்தான்', மெத்தில்குளோரோஐசோதயசோலினோனும் மெத்தில்ஐசோதயசோலினோனும் 3:1 விகிதத்தில் சேர்ந்தது. பத்து இலட்சத்தில் 15 பங்கே போதும் என்பதால் உற்பத்தியாளர்களுக்கு வாய்ப்பாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியத் தோல் மருத்துவமனைகளில் ஒவ்வாமை நோயாளிகள் பெருகினர். பாராபென்னோ, புண்பட்ட தோலில் போட்டால் மட்டும் சிலருக்கு ஒவ்வாமை தந்தது, நலமான தோலில் அமைதியாக இருந்தது. இதை 'பாராபென் முரண்' என்று 1973-இல் குறித்தார் அமெரிக்கத் தோல் மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிஷர்.

அந்த நற்பெயர் 2004-இல் சரிந்தது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப்பா டார்பரும் குழுவினரும் 20 மார்பகக் கட்டிகளின் திசுக்களில் பாராபென் இருப்பதை அளந்து வெளியிட்டனர். பாராபென்னால் புற்று வந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, நலமான திசுவோடு ஒப்பீடும் அதில் இல்லை. ஆனாலும் செய்தித்தாள்களும் விளம்பரங்களும் முடிவைத் தாங்களே எழுதிக்கொண்டன. 'பாராபென் இல்லாதது' என்ற சொற்றொடர் டப்பாக்களில் ஏறியது. கிருமி மட்டும் விலகிப்போகாதே. இடத்தை நிரப்ப வேறொன்று வேண்டும். ஐரோப்பா 2005-இல் மெத்தில்ஐசோதயசோலினோனைத் தனியாக, பத்து இலட்சத்தில் 100 பங்குவரை அனுமதித்தது. கேத்தானில் அது 4 பங்குக்கும் குறைவாகவே இருந்தது. தனியாக வந்தபோது உச்ச அளவு இருபத்தைந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்துணிகளில்கூட அது சேர்ந்தது. விளைவு, தோல் மருத்துவர்கள் ஒரு கொள்ளைநோயைப் போலப் பேசிய ஒவ்வாமை அலை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013-இன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என அதை அறிவித்தது. கழுவாமல் விடும் பொருள்களில் அதைத் தடுக்கும் விதியை ஐரோப்பா 2016-இல் இயற்றியது. பழகிய ஒன்றை ஐயத்தின் பேரில் தள்ளிவிட்டுப் பழகாததை ஏற்றதற்கான விலை இது. அதே சங்கம் 2019-இல் பாராபென்னை 'ஆண்டின் ஒவ்வாமையற்ற பொருள்' என்று அறிவித்தது.

இதற்கிடையே 2014-இல் ஐரோப்பா, பாதுகாப்புத் தரவுகள் சமர்ப்பிக்கப்படாத ஐந்து பாராபென் வகைகளைத் தடைசெய்து, புரோப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவை 0.14 விழுக்காட்டுக்கு இறக்கியது. மெத்தில், எத்தில் வகைகள் முன்போலவே தொடர்கின்றன. இன்று பல கிரீம்களில் ஃபீனாக்சிஎத்தனால் 1 விழுக்காட்டுக்குள் இடம்பெறுகிறது. விரல் படாமல், காற்றும் திரும்பப் புகாமல் கிரீமை வெளித்தள்ளும் பம்புக் குப்பிகள் பதனப்பொருளின் சுமையைக் கொஞ்சம் குறைத்துள்ளன. ஐரோப்பாவில் 2005 முதல் டப்பாவில் அச்சாகும் திறந்த மூடிப் படமும் '12 எம்' என்ற குறியும், திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்பவை. கேப்ரிலைல் கிளைக்கால் போன்று, பட்டியலில் ஈரப்பதமூட்டியாகப் பெயர் பெற்று, கிருமியையும் தடுக்கும் பொருள்களைப் போட்டு 'பதனப்பொருள் இல்லாதது' என்று விற்பது அண்மைக் காலத்து உத்தி. ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டி ஆவணம் 2019 ஜூலை முதல் அத்தகைய விளம்பர வாசகங்களை ஏற்கத்தக்கவை அல்ல என்று வகைப்படுத்துகிறது.