டம்மித் தாளும் அண்டை வீட்டுப் பயமும்

நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பிரிவில் எனக்கு அப்போது வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குள் 'டம்மி' போட்டாக வேண்டும். எட்டு காலம் வரைந்த தாளில் எந்த விளம்பரம் எந்த மூலையில் என்று பென்சிலால் கட்டம் கட்டுவேன். மிச்சமிருக்கும் வெள்ளை இடம்தான் செய்திக்கு.

விமான நிறுவன விளம்பரங்களுக்கு மட்டும் ஒரு நிரந்தர உத்தரவு உண்டு: எங்கே விமானம் விழுந்தாலும், யாரையும் கேட்காமல் அன்றைய விளம்பரத்தை எடுத்துவிடு. ஓர் இரவு பதினோரு மணிக்குமேல் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு. இரவுப் பணி உதவி ஆசிரியர். "சார், விபத்துச் செய்தி வந்திருக்கு. மூணாம் பக்கத்துல ஏர்ஹோஸ்டஸ் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்ன செய்ய?" விழுந்தது வேறு நிறுவனத்தின் விமானம். ஆனாலும் தூக்கினோம். அந்த இடத்தில் எங்கள் வார இதழின் விளம்பரம் போனது.

விளம்பரம் கொடுப்பவருக்கு எப்போதும் அண்டை வீட்டுப் பயம்தான்: தன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் என்ன வருமோ என்று. அந்தப் பயத்தைப் போக்க எங்களிடம் டம்மி இருந்தது. கண்ணால் பார்த்து இடம் மாற்றலாம்.

இணையத்தில் டம்மி கிடையாது. அங்கே நிறுவனம் வாங்குவது பக்கத்தை அல்ல, ஆளை. நீங்கள் வீடியோவைத் தொட்டதும் ஒரு நொடிக்குள் ஏலம் முடிந்து, விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டி எந்த மனிதரும் பார்ப்பதில்லை. 2017இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ், யூடியூபில் தீவிரவாத வீடியோக்களோடு பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் ஓடுவதை அம்பலப்படுத்தியது. அந்த மார்ச்சில் பிரிட்டிஷ் அரசே தன் விளம்பரங்களை நிறுத்தியது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களான ஏடி அண்ட் டி, வெரைசான் பின்தொடர்ந்தன. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்ற வழியில்லாதபோது, மொத்தமாக வெளியேறுவதுதான் மிச்சம்.

2020இல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசாரால் கொல்லப்பட்ட பிறகு, வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஃபேஸ்புக்குக்கு எதிராக அமெரிக்க உரிமை அமைப்புகள் கிளம்பின. ஜூலை மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. யூனிலீவர், கோகோ கோலா, ஸ்டார்பக்ஸ் எல்லாம் அதில் சேர்த்தி. ஃபேஸ்புக் அசையவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பெரிய ஜவுளிக்கடை கோபித்துக்கொண்ட மாதங்களில் எங்களைக் காப்பாற்றியவை வரி விளம்பரங்கள்தான்: மணமகள் தேவை, வீடு வாடகைக்கு. ஃபேஸ்புக்கிடம் அப்போது விளம்பரதாரர்கள் 70 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் அப்படிப்பட்ட சிறியவர்கள். முதல் 100 பெரிய நிறுவனங்களின் பங்கு வருமானத்தில் சிறு பகுதிதான்.

ட்விட்டரின் கதை வேறு. 2021இல் அதன் வருமானம் சுமார் 500 கோடி டாலர். பத்தில் ஒன்பது பங்கு விளம்பரக் காசு, அதிலும் பெரிய கைகளின் காசு. 2022 அக்டோபரில் தொழிலதிபர் ஈலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த மாதமே, கணக்கு அசல்தான் என்று காட்டும் நீலக் குறியைக் காசுக்கு விற்றார். அந்தக் குறியோடு எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன், ஜெனரல் மில்ஸ் எல்லாம் அதற்கு முன்பே விளம்பரத்தை நிறுத்தியிருந்தன. 2023 நவம்பரில் யூத வெறுப்புப் பதிவொன்றை மஸ்க் ஆமோதித்தார். ஐபிஎம், ஆப்பிள், டிஸ்னி விலகின. நியூயார்க்கில் ஒரு மேடையில் மஸ்க் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். 2024 ஆகஸ்டில் விளம்பரதாரர் கூட்டமைப்பின் மேல் வழக்கே போட்டார். விளம்பரம் தராதவர்மேல் வழக்குப் போடலாம் என்பது எங்கள் காலத்து மேலாளர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை.

போனவர்கள் போயே விடுவதில்லை. 2020 டிசம்பரில், ஃபேஸ்புக்குக்குத் திரும்புவதாக யூனிலீவர் அறிவித்தது. விபத்து நடந்த அடுத்த வாரம் நானும் மூன்றாம் பக்க டம்மியில் அதே கட்டத்தைப் போட்டேன். அதே ஏர்ஹோஸ்டஸ், அதே சிரிப்பு.